தையல் போட்ட இடத்தில் சூட்டுக்கல், குடிக்க அரை டம்ளர் தண்ணீர்: யார் சொல்வதைக் கேட்பது?

செந்தூல்_புதுத்தாய்

வணக்கம். முதல் குழந்தை, பெண். சுகப்பிரசவம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் வாழ்த்துகிறார்கள்; எனக்கோ நாற்காலியில் நேராக உட்கார முடியவில்லை. குழந்தையின் தலை வரும் நேரத்தில் கத்தரித்துவிட்டுப் பிறகு தையல் போட்டார்கள். நூல் தானாகக் கரைந்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை என்றார்கள். மற்றதெல்லாம் ஒரு காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் எந்தப் பையில் போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மாமியார் நல்லவர். இரவெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். ஆனால் அவருடைய சட்டங்கள் கடுமையானவை. ஒரு வேளைக்கு அரை டம்ளர் சுக்குத் தண்ணீர். அதற்குமேல் குடித்தால் வயிறு தொங்கிவிடுமாம். காய்கறி குளிர்ச்சி, பழம் அதைவிடக் குளிர்ச்சி. சோறு, கருவாடு, பூண்டு, மிளகு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா அன்போடு ஒரு துங்கு கல்லை, அதாவது சூடாக்கி ஒத்தடம் கொடுக்கும் கல்லை, கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாமியார் அதைச் சூடாக்கித் துணியில் சுற்றி, அதன்மேல் உட்காரச் சொல்கிறார். தையல் சீக்கிரம் காயுமாம்.

மலம் கழிக்கப் போவதை நினைத்தாலே அழுகை வருகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். முதல் வாரம் வலி குறைந்துகொண்டுதான் வந்தது. முந்தாநாளிலிருந்து வலப்பக்கம் மட்டும் மறுபடியும் விண்விண் என்று தெறிக்கிறது. கொஞ்சம் வாடையும் இருக்கிறது. காய்ச்சல் இல்லை. இது வழக்கமானதுதானா? மருத்துவரிடம் போகலாம் என்றால், அந்த இடத்தை இன்னொருவர் பார்க்க வேண்டுமே என்று கூச்சமாக இருக்கிறது.

பட்டர்வொர்த்_மூவர்தாய்

தங்கச்சி, பால் கொடுக்க உட்காராதீர்கள். ஒருக்களித்துப் படுத்துக் கொடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. நடுவில் ஓட்டை உள்ள அந்த வளைய மெத்தையை யாராவது வாங்கிக் கொடுத்தால் அதிலேயே மணிக்கணக்காக உட்கார வேண்டாம். நடுப்பகுதி கீழே தொங்கி வீக்கம் கூடுகிறது. மற்றதைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

பழைய_தாதி

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். குறைந்துகொண்டு வந்த வலி திரும்பக் கூடுகிறது, வாடையும் இருக்கிறது என்றால் இது எழுதிக் கேட்டுத் தீர்க்கும் சங்கதி இல்லை. நாளைக் காலை முதல் வேலையாகக் கிளினிக்குக்குப் போங்கள். இன்றிரவே காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம். நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு.

கூச்சத்தைப் பற்றி. பிரசவ வார்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே இருப்பவர்களுக்கு அது கை, கால் போல ஒரு காயம், அவ்வளவுதான். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனதும் மறந்துவிடுவார்கள். சீழ் பிடித்த தையலோடு மூன்று வாரம் கழித்து வந்தவர்களைத்தான் நாங்கள் மறக்கவில்லை.

இன்னொன்று கேட்கிறேன். சமூகத் தாதி வீட்டுக்கு வந்தாரா? பிரசவமான பெண்ணை முதல் சில வாரங்களில் வீடு தேடி வந்து பார்ப்பது நம் மலேசிய அரசாங்க கிளினிக்குகளின் வேலை. தனியார் மருத்துவமனையில் பெற்றவர்களுக்கும் இது உண்டு, ஆனால் குழந்தை பிறந்ததை வீட்டருகே உள்ள சுகாதார கிளினிக்கில் தெரிவித்திருக்க வேண்டும். தாய்வீட்டில் தங்கியிருந்தால் அந்த வட்டாரத்துக் கிளினிக்கில். அவர் வந்தபோது "நன்றாக இருக்கிறேன் மிஸ்ஸி" என்று சொல்லி, மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று குழந்தையை மட்டும் காட்டி அனுப்பியிருப்பீர்கள். பாதிப் பேர் அப்படித்தான். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் பாவாடையை விலக்கிக் காட்ட வேண்டும். பச்சை உடம்பு என்று தாயை ஊரே பொத்திவைக்கிறது. காயத்தை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை.

இனி அன்றாடப் பராமரிப்பு. நம் கழிப்பறைச் சுவரில் தொங்குகிறதே குழாய்த்துப்பாக்கி, அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்த வேகத்தில் தண்ணீர் தையல்மேல் அடித்தால் உயிர் போகும். மலிவு விலைக் கடையில் சில்லிச் சாஸ் ஊற்றும் பிளாஸ்டிக் போத்தல் கிடைக்கும், பிதுக்கினால் மூக்கு வழியாக வருமே, அது ஒன்று வாங்குங்கள். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரை நிரப்பி, சிறுநீர் கழிக்கும்போதே முன்பக்கமிருந்து மெல்லப் பிதுக்கிக்கொண்டே இருந்தால் எரிச்சல் பாதியாகக் குறையும். சிறுநீர் நீர்த்துப்போவதுதான் காரணம். பிறகு சுத்தமான மெல்லிய துணியால் முன்னிருந்து பின்னாக ஒற்றி எடுங்கள். தேய்க்கவே கூடாது. பேட் நனையாவிட்டாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் கை கழுவுங்கள். முன்பும் என்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது உள்ளாடை இல்லாமல் பழைய துண்டு விரித்துப் பத்து நிமிடம் படுங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அந்த இடம் நாள் முழுக்க வேர்த்து ஊறிக் கிடந்தால் எப்படி ஆறும்?

கல்லைப் பற்றி: வயிற்றிலும் இடுப்பிலும் துணிக்கு மேல் இதமாக ஒத்தடம் கொடுத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். தையல்மேல் கூடாது. அங்கே வீக்கம் இருக்கும், உணர்ச்சி மங்கியிருக்கும். எவ்வளவு சுடுகிறது என்றே தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். சாம்பிராணி தலைமுடிக்குப் போகட்டும், கால்களுக்கு நடுவே வேண்டாம்.

வலிக்குப் பாராசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில். 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. பால் கொடுப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். பாலில் இறங்கிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. கோடீன் கலந்த மாத்திரை மட்டும் பால் கொடுப்பவர்களுக்கு வேண்டாம்.

மலச்சிக்கலைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், பேரன் பள்ளியிலிருந்து வந்துவிட்டான்.

பிரிக்பீல்ட்ஸ்_பாட்டி

நான் நான்கு பெற்றவள். முதல் இரண்டும் தோட்டத்தில். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரெசர் (மருத்துவ உதவியாளர்), ஒரு ஆயா, அவ்வளவுதான். அப்போது எங்களுக்கு யார் சாஸ் போத்தல் வாங்கிக் கொடுத்தார்கள்? மஞ்சள் பூசி, வேப்பிலை வெந்நீரில் குளித்து, மருந்துக் குழம்பு சாப்பிட்டு எழுந்து நடந்தோம். பெரியவர்கள் சொல்வதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு, ஐம்பது வயதில் இடுப்பு வலி, மூட்டு வலி என்று பிறகு இதே இடத்தில் வந்து எழுதுவீர்கள். அந்த மாமியார் இராத்திரி முழுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாராம். அதை யாராவது கவனித்தீர்களா?

பழைய_தாதி

கவனித்தேன் அம்மா. அந்த மாமியார் கிடைத்தது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம். நான் பத்தியத்துக்கு எதிரி இல்லை. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் நானும் சாப்பிட்டவள், என் மகளுக்கும் ஆக்கிப்போட்டவள். ஆறுகிற காயத்துக்குப் புரதம் வேண்டும்; மீனிலும் முட்டையிலும் அது இருக்கிறது. மலாய்க்காரர்கள் ஹாருவான் என்றும் நாம் விரால் என்றும் சொல்லும் மீனைப் பிரசவித்தவளுக்குக் கொடுக்கும் வழக்கம் இந்த ஊரில் மூன்று இனத்தாரிடமும் இருக்கிறது. பாசாரில் உயிரோடு கிடைக்கும், கொடுங்கள், நல்லது.

தோட்டத்தில் நீங்கள் எழுந்து நடந்தீர்கள் என்பதும் உண்மை. எழுந்து நடக்காதவர்களும் இருந்தார்கள். பிரசவக் காய்ச்சலில் போனவர்களின் கதை உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

தகராறு தண்ணீரில்தான். பிள்ளை பெற்றபின் வயிறு தொளதொளவென்று இருப்பது கருப்பையும் தசையும் இன்னும் சுருங்காததால். தண்ணீரால் இல்லை. கருப்பை சுருங்கி இடுப்பெலும்புக்குள் இறங்கவே பத்துப் பதினைந்து நாளாகும். இதற்கிடையில் தண்ணீரை நிறுத்தினால் இறுகுவது வயிறு இல்லை, மலம். அது தையலைப் பதம் பார்க்கும். பால் கொடுப்பவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் வேண்டும். பச்சைத் தண்ணீர் ஆகாது என்றால் சுடுநீர்க் குடுவையில் சீரகத் தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள். பத்தியமும் கெடாது.

காய்கறியிலும் அப்படித்தான். முருங்கைக் கீரை, பிஞ்சு அவரை, பேரீச்சை: இவற்றைக் குளிர்ச்சி என்று எந்தப் பாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை. கனிந்த பப்பாளி நம் கணக்கில் சூடுதான், ஆகவே அதற்கும் தடை இருக்கக் கூடாது. அப்படியும் வயிறு இளகாவிட்டால் லாக்டுலோஸ் என்ற இனிப்பான திரவ மருந்து இருக்கிறது. குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும், உடம்பில் சேராது, பால் கொடுப்பவர்களுக்கும் ஆகும். கிளினிக்கில் கேட்டால் கொடுப்பார்கள்.

போகும்போது இப்படிச் செய்யுங்கள். சிறு முக்காலி போட்டு இரண்டு பாதங்களையும் அதன்மேல் வைத்து, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி, முன்னால் சாய்ந்து உட்காருங்கள். புதுப் பேட் ஒன்றை இரண்டாக மடித்துத் தையல்மேல் வைத்து உள்ளங்கையால் மேல்நோக்கித் தாங்கிப் பிடியுங்கள். முக்காதீர்கள், வாயைத் திறந்து மூச்சை வெளியே விடுங்கள். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் அடக்கி அடக்கித்தான் பலரும் மலத்தைக் கல்லாக்கிக்கொள்கிறார்கள். ஒழுங்காகப் போட்ட தையல் மலம் கழிப்பதால் பிரியாது.

இன்னொன்று, பிரசவித்தவளுக்கு ஒரு மூடி பிராந்தி கொடுக்கும் வழக்கம் நம் வீடுகள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. குளிருக்கு என்பார்கள். அது பாலில் போகிறது. வேண்டாம்.

கெப்போங்வாசி

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு அடுத்த மாதம் தேதி. 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் மனைவிக்கு 98 நாள், கணவனுக்கு 7 நாள் விடுப்பு என்று சட்டம் வந்துவிட்டது. அந்த ஏழு நாளில் உருப்படியாக நான் என்ன செய்யலாம்? தொட்டில் கட்டுவது, பதிவு அலுவலகத்துக்கு அலைவது தவிர.

பட்டர்வொர்த்_மூவர்தாய்

கேட்டீர்களே, அதுவே பெரிது. முதல் இரண்டு மூன்று நாள் பனிக்கட்டி ஒத்தடம் உங்கள் பொறுப்பு. பேட்டை நனைத்து உறையவைத்தோ, ஐஸ் பையை மெல்லிய துணியில் சுற்றியோ கொடுக்கலாம். நேரடியாகத் தோலில் படக்கூடாது, ஒரு தடவைக்குப் பத்து முதல் இருபது நிமிடம் போதும். "பிள்ளை பெற்றவளுக்கு ஐஸா" என்று வீட்டில் கூச்சல் எழும். அந்தக் கூச்சலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் கணவனின் வேலை.

பழைய_தாதி

அதை நானும் ஆமோதிக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டியிலும் இந்த வலிக்குக் குளிர் ஒத்தடம் இருக்கிறது.

இன்னும் இரண்டு வேலை தருகிறேன். ஒரு கைக்கண்ணாடி வாங்கி வையுங்கள். நாள்தோறும் மனைவி தானே பார்க்கட்டும். அவருக்கு முடியாவிட்டால், சம்மதித்தால், நீங்கள் பாருங்கள். முதல் நாள் பார்க்கப் பயமாக இருக்கும், வீங்கிக் கன்றிப்போய்க் கிடக்கும். நேற்றைவிட இன்று எப்படி என்பதுதான் கணக்கு. சிவப்பு பரவுகிறதா, ஓரங்கள் விலகுகின்றனவா, மஞ்சளாகவோ பச்சையாகவோ கசிகிறதா? பேட்டில் மீன்முள் போல வெள்ளை நூல் துண்டு விழுந்தால் பதறாதீர்கள். தையல் கரைந்து உதிர்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது வேலை பிறந்த அன்றைக்கே. தையல் போட்ட சில மணி நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பந்து போல் வீங்கி, மாத்திரைக்கு அடங்காத வலியும் ஆசனவாயை அழுத்துவது போன்ற உணர்வும் வந்தால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். உள்ளே இரத்தம் கட்டிக்கொண்டிருக்கலாம். பிரசவித்து ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகவில்லை என்றாலும் அப்படியே. "வலி இருக்கத்தானே செய்யும்" என்று அவர் பேசாமல் படுத்திருப்பார். நீங்கள் பேச வேண்டும்.

இயற்கை_அழகு

அன்புச் சகோதரிகளே, வெற்றிலைக் கழுவு நீர், கமாட் (கடல் அட்டை) எண்ணெய், மஞ்சகானி உருண்டை மூன்றும் சேர்ந்த பிரசவத் தொகுப்பு எங்களிடம் உண்டு. பத்தே நாளில் தையல் மறையும், கன்னிப் பெண் போல் ஆகலாம். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுதும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம். தொடர்புக்கு

நெறியாளர்

தொலைபேசி எண் நீக்கப்பட்டது. விற்பனைக்கு வேறு பகுதி இருக்கிறது.

பழைய_தாதி

நெறியாளர் நீக்கியது எண்ணை மட்டும். பாக்கியை நான் நீக்குகிறேன். மஞ்சகானி என்பது நம் மாசிக்காய். கடுமையான துவர்ப்பு, தோலைச் சுருக்கிப் பிடிக்கும். ஆறாத காயமுள்ள உறுப்புக்குள் உருண்டை உருட்டி வைத்தால் கிருமிக்குக் குடியிருப்பு கட்டிக் கொடுத்த மாதிரிதான். வெற்றிலை நீரும் எண்ணெயும் யார் வீட்டு அடுப்பில் எப்படித் தயாராயின என்பது யாருக்குத் தெரியும்? திறந்த தையலுக்கு வெறும் தண்ணீர் போதும். உப்புப் போட்டு உட்காரலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள்: இங்கிலாந்தில் எண்பதுகளிலேயே உப்பு, கிருமிநாசினி, வெறும் நீர் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறுவதில் வேறுபாடு இல்லை. இதமாக இருந்தால் உட்காருங்கள், சட்டியைக் கழுவிவிட்டு.

பெங்குங் என்று வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணியையும் சொல்ல வேண்டும். இடுப்புக்கு ஆதரவாகத் தளர்வாகக் கட்டினால் சரி. மூச்சு முட்டக் கட்டினால் அந்த அழுத்தம் எங்கே போகும்? கீழேதான், தையல்மேல்.

செந்தூல்_புதுத்தாய்

போய்விட்டு வந்தேன். எல்லாருக்கும் நன்றி, குறிப்பாகப் பழைய தாதி அக்காவுக்கு.

தையலின் வலப்பக்க முனை கொஞ்சம் திறந்திருக்கிறது, கிருமி தொற்றியிருக்கிறது. பஞ்சுக் குச்சியால் ஒற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மறுபடி தைப்பார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன், தைக்கவில்லை. கிருமி இருக்கும்போது தைத்தால் உள்ளே அடைபடும், இந்த அளவுக்கு அடியிலிருந்து மேலாகச் சதை வளர்ந்து தானே மூடிக்கொள்ளும், சில வாரம் பிடிக்கும் என்றார் மருத்துவர். பால் கொடுக்கலாம் என்று சொல்லியே ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். கூடவே லாக்டுலோஸ். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

கர்ப்பத்தின்போது எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருந்தது. அதை இங்கே எழுதத் தோன்றவில்லை. மருத்துவர் என் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் அதைத்தான் கேட்டார்.

மாமியாரும் உள்ளே வந்தார். மருத்துவர் விளக்கைத் திருப்பி, "நீங்களும் பாருங்கள் அம்மா" என்று காட்டினார். சற்று நேரம் குனிந்து பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் துங்கு கல்லைத் துணியில் முடிந்து பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். தண்ணீர் விஷயத்தில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. சீரகத் தண்ணீர் ஒரு போத்தல் வரை சம்மதித்திருக்கிறார். பப்பாளிக்கு ஒப்புக்கொண்டார், ஆனால் இரவு ஏழு மணிக்குமேல் கிடையாது.

பழைய_தாதி

சர்க்கரை இருந்ததா! முன்பே தெரிந்திருந்தால் இன்னும் உரக்கச் சொல்லியிருப்பேன். சர்க்கரை கூடினால் காயம் மெதுவாகத்தான் ஆறும், தொற்றும் சுலபமாக வரும். இந்த நாட்டில் நீரிழிவு மிக அதிகம் இருப்பது நம் இனத்தாரிடம்தான். பிரசவத்தோடு போய்விட்டது என்று விடாமல் ஆறு வாரம் கழித்து சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் செய்யும் சோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். பத்தியக் குழம்பில் கருப்பட்டியும் லேகியமும் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். மருந்தை நாள் கணக்கு முடியும்வரை சாப்பிடுங்கள், வலி நின்றதும் நிறுத்தாதீர்கள்.

பாயான்லெப்பாஸ்_அம்மா

படித்துக்கொண்டே இருந்தேன், எழுதுவதா வேண்டாமா என்று. இங்கே எல்லாரும் இரண்டாம் நிலைக் காயத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். முதல் நிலை தோலோடு நிற்கும். இரண்டாவது அதன் கீழுள்ள தசைவரை. கத்தரித்துத் தைப்பதும் இதில்தான் சேரும். எனக்கு மூன்றாம் நிலை. ஆசனவாயைச் சுற்றி மூடித் திறக்கும் வளையத் தசையே கிழிந்துவிட்டது. குழந்தை நான்கு கிலோவுக்கு மேல், ஆயுதம் போட்டு எடுத்தார்கள். முதல் பிரசவம், பெரிய குழந்தை, ஆயுதப் பிரசவம், தெற்காசிய வம்சம், நான்குமே இந்தக் கிழிசலுக்கு வாய்ப்பைக் கூட்டுபவை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அறுவை அரங்கத்துக்குக் கொண்டுபோய் முதுகில் மயக்க ஊசி போட்டுத் தைத்தார்கள்.

தையல் ஆறிவிட்டது. ஆனால் காற்று பிரிவதை அடக்க முடியவில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில், எல்லார் முன்னாலும். அவசரமாக மலம் வந்தால் கழிப்பறைவரை தாங்காது. வீட்டை விட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன், "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்றார். பார்த்த இடத்தில், அந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம், மறுபார்வையில் "தையல் அழகாக ஆறியிருக்கிறது" என்று எழுதி அனுப்பினார்கள். அடக்க முடிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. வேறொரு மருத்துவரிடம் போனபோது, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "காற்றைப் பிடித்துவைக்க முடிகிறதா? கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறதா?" அங்கேயே அழுதேன்.

இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார். காற்றை அடக்குவது போலவும் சிறுநீரை நடுவில் நிறுத்துவது போலவும் சேர்த்து உள்ளே இழுத்துப் பிடிப்பது. மெதுவாகப் பத்து வினாடிவரை பிடித்து விடுவது, பிறகு விரைவாகச் சில. ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்கினால் அது கணக்கில் வராது; நான் பல நாள் தொடையைத்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன் என்று அவர் கைவைத்துப் பார்த்த பிறகே தெரிந்தது. ஒரே வாரத்தில் ஒன்றும் நடக்காது. மாதங்கள் ஆகும். இப்போது நான் பஸ்ஸில் கொம்தார் வரை நிம்மதியாகப் போய்வருகிறேன்.

உருவிவிடுவது பிடித்திருந்தால் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007-லேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். பிறகு மற்ற சில அரசாங்க மருத்துவமனைகளிலும் வந்தது. மருத்துவரின் கண்ணெதிரே நடப்பதால் எனக்கு அது நம்பிக்கையாக இருந்தது. ஆனால் உருவிவிடுவதால் இந்தத் தசை சேராது.

பிரிக்பீல்ட்ஸ்_பாட்டி

மகளே, இது எனக்கும் இருக்கிறது. மூன்றாவது பிள்ளையிலிருந்து. சிரித்தால், தும்மினால் சிறுநீர் கசியும். இத்தனை ஆண்டாக யாரிடமும் சொன்னதில்லை. இந்த வயதில் அந்தப் பயிற்சி செய்தால் பலிக்குமா?

பாயான்லெப்பாஸ்_அம்மா

பலிக்கும் பாட்டி. எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தவருக்கு உங்கள் வயதுதான் இருக்கும். வீட்டருகே உள்ள கிளினிக்கில் சொல்லி இயன்முறைப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள்.

பெயர்_வேண்டாம்

குழந்தைக்கு நான்கு மாதம். தையல் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் கணவரோடு சேரும்போது தாங்க முடியாத வலி. 44 நாள் பத்தியம் முடிந்தால் எல்லாம் சரி என்றார்கள். என்னிடம் ஏதோ குறை என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

பழைய_தாதி

உங்களிடம் ஒரு குறையும் இல்லை. 44 என்ற எண்ணுக்கும் உங்கள் உடம்புக்கும் ஒப்பந்தம் ஒன்றும் கிடையாது. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவு; அதனால் உள்ளே வறட்சி. தழும்பு இறுகியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். வலிக்குமோ என்ற பயத்தில் தசை தானாக இறுகும், அது மூன்றாவது. மருந்தகத்தில் நீரால் செய்த வழவழப்புக் களிம்பு கிடைக்கும், அதைப் பயன்படுத்திப் பாருங்கள். எண்ணெய், வாசலின் வேண்டாம். ஆனால் நான்கு மாதமாகியும் இப்படி என்றால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். தழும்பின் ஓரத்தில் சிறு சதை வளர்ந்திருந்தாலும் இப்படி வலிக்கும், அதற்கு எளிய சிகிச்சை உண்டு. அதுவரை வேண்டாம் என்று கணவரிடம் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: மாதவிடாய் திரும்பாவிட்டாலும் பிரசவத்துக்கு மூன்று வாரம் கழித்தே கரு தரித்துவிடக்கூடும். ஆறாவது வாரப் பரிசோதனையில் கருத்தடை பற்றியும் கேட்டுவிட்டு வாருங்கள்.

கெப்போங்வாசி

சாஸ் போத்தல், கைக்கண்ணாடி, முக்காலி வாங்கிவிட்டேன். என் அம்மா இன்னும் ஐஸ் பையைப் பார்க்கவில்லை. இன்னொரு கேள்வி: கத்தரிக்காமலே பெற முடியாதா? முன்கூட்டியே சொல்லிவைக்கலாமா?

பழைய_தாதி

சொல்லிவைக்கலாம், சொல்லுங்கள். எல்லாருக்கும் வழக்கமாகக் கத்தரிப்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2018-லேயே பரிந்துரைக்க மறுத்துவிட்டது. ஆனால் குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கும்போதும் ஆயுதம் போடும்போதும் தேவைப்படலாம். அந்த நேரத்தில் மருத்துவரோடு வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். தலை வெளிப்படும்போது வெதுவெதுப்பான ஈரத்துணியை அந்த இடத்தில் வைத்துப் பிடித்தால் பெரிய கிழிசல் குறைகிறது. அதைச் செய்வீர்களா என்று இப்போதே கேட்டுவைக்கலாம். கடைசி மாதத்தில் அந்த இடத்தை விரலால் நீவிவிடும் பழக்கம் முதல் பிரசவக்காரர்களுக்கு உதவும். எப்படி என்று கிளினிக்கில் தாதியிடம் மனைவியே கேட்கட்டும், காட்டிக் கொடுப்பார்.

செந்தூல்_புதுத்தாய்

மறுபடி நான்தான். இந்த வாரம் பார்த்தார்கள், சதை வளர்கிறது, வாடை போய்விட்டது. ஒரே ஒரு கேள்வி. குழந்தை நல்லபடி பிறந்தால் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் கரும்புத் தொட்டில் எடுப்பதாக மாமியார் வேண்டியிருக்கிறார். 272 படி. நான் ஏறலாமா?

பழைய_தாதி

தைப்பூசத்துக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது, அதற்குள் காயம் மூடிவிடும். இப்போதே வீட்டு மாடிப்படியில் மெதுவாகப் பழகுங்கள். ஏறும்போது கீழே ஏதோ இறங்குவது போல் கனத்தாலோ, சிறுநீர் கசிந்தாலோ பாயான் லெப்பாஸ் தங்கை சொன்ன பயிற்சியை இன்னும் சில வாரம் செய்துவிட்டுப் பாருங்கள். அன்றைக்குக் கரும்பின் ஒரு முனை கணவர் தோளில், மறுமுனை வேறு ஆண்பிள்ளை தோளில் இருக்கட்டும். நீங்கள் வெறுங்கையோடு ஏறுங்கள். தண்ணீர்ப் போத்தலை மாமியாரிடம் கொடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_பாட்டி

பெரியதாக ஒன்று வாங்கிக் கொடு. அரை டம்ளர் கணக்கு அங்கேயும் போடப்போகிறார்.